பழகிவிடும்

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில், ஓர் ஆணியில், பழைய சைக்கிள் சீட் ஒன்று தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இதை எதற்காக மாட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதுண்டு. "எந்தப் பந்தயத்தில் வாங்கிய கேடயம்?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. நான் சிரித்து மழுப்பிவிடுவேன். இன்று அந்தக் கதையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கதை சிறியதுதான். ஆனால் அது எழுப்பிய கேள்வி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னை விடவில்லை.

அந்தச் சீட் என் தந்தையுடையது. தோல் சீட். இந்தக் காலத்துப் பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள். இரும்புச் சட்டத்தின்மேல் கெட்டியான தோலை முன்னும் பின்னுமாக இழுத்துப் பிடித்து ஆணி அறைந்திருக்கும். பஞ்சு கிடையாது, ரப்பர் கிடையாது. உட்கார்ந்தால் கயிற்றுக் கட்டிலைப்போல் தோல் சற்றே அமிழ்ந்து கொடுக்கும். மூக்குப் பக்கத்தில் உள்ளே ஒரு திருகு இருக்கும். தோல் தளர்ந்துவிட்டால் அதை முடுக்கிக் கொள்ளலாம்.

இந்த வகைச் சீட்டுக்குப் பேர்போனவர் ஜான் பௌல்ட்பீ புரூக்ஸ் என்பவர். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில், 1866-இல் குதிரைச் சேணங்களுக்கான தோல் தொழிலைத் தொடங்கியவர். அவருடைய குதிரை செத்துப்போகவே, ஓர் இரவல் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தாராம். அந்தச் சைக்கிளின் சீட் படுத்திய பாடு பொறுக்கமாட்டாமல், தாமே ஒன்று செய்து பார்க்கத் துணிந்தாராம். இது அந்த நிறுவனத்தார் சொல்லிவரும் கதை. 1882-இல் அவர் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் 1890-களில் கொண்டுவந்த 'பி-17' என்ற தோல் சீட் இன்றும் விற்பனையில் இருக்கிறது. புரூக்ஸ் கொடுத்துவைத்தவர். அவருக்கு வலித்தது, அவர் கையில் ஒரு தோல் பட்டறையும் இருந்தது. வலிக்கிற எல்லாருக்கும் பட்டறை வாய்ப்பதில்லை.

தோல் சீட்டின் குணம் என்னவென்றால், முதலில் அது மனிதனை வதைக்கும். போகப்போக அவனுக்கென்றே அமைந்துவிடும். நாம் சைக்கிளில் உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்கவேண்டியவை இடுப்புக்கூட்டின் அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். சில நூறு மைல் ஓட்டியபின், அந்த இரண்டு எலும்புகளும் தோலில் இரண்டு குழிகளைப் பதித்துவிடும். பிறகு அவனுக்கு அதைவிடச் சுகமான இருக்கை உலகத்தில் இல்லை.

1968-இல், எனக்குப் பதினேழு வயது நடக்கும்போது, என் தந்தை தம் சைக்கிளை என்னிடம் கொடுத்தார். தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆறு மைல் தொலைவில் இருந்த கல்லூரிக்கு நான் போகவேண்டியிருந்தது. அதுவரை நான் ஓட்டியதெல்லாம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிள். அதையும் பாரின் அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்தே பழகியவன். சீட் என்ற ஒன்று வலிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. முதல் வாரம் வகுப்பில் பெஞ்சில் உட்கார முடியவில்லை. தந்தையிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "பழகிவிடும்" என்றார்.

உண்மையில் பழகித்தான் விட்டது! இரண்டு மாதத்தில் வலி போயிற்று. நானும் அவரைப் போலவே ஒடிசலான உடம்புக்காரன். அவர் பதித்த குழிகளை என் எலும்புகள் சிறிது திருத்திக்கொண்டன. அவ்வளவுதான். அந்தச் சீட்டில் உட்கார்ந்தே படித்தேன்; அந்தச் சீட்டில் உட்கார்ந்தே வேலைக்குப் போனேன்; பெண் பார்க்கப் போனதும் அதில்தான். "பழகிவிடும்" என்ற சொல்லில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை ஏற்பட்டதற்கு இதுவே காரணம். அது பொய்யான சொல்லாக இருந்திருந்தால் நான் என்றோ அதைக் கைவிட்டிருப்பேன். என்னளவில் மெய்யாகிவிட்டதுதான் ஆபத்தாகப் போயிற்று.

1992-இல் என் மகள் எட்டாம் வகுப்பு முடித்து, நான்கு கிலோமீட்டர் தொலைவில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். தெரிந்தவர் ஒருவரிடம் மலிவாக ஒரு லேடீஸ் சைக்கிளை வாங்கினேன். அதன் சீட் கிழிந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. என் பழைய சைக்கிள் துருப்பிடித்துப் போயிருந்தாலும் அதன் தோல் சீட்டை எண்ணெய் தடவிப் பத்திரமாக வைத்திருந்தேன். அதைக் கழற்றி மகளின் சைக்கிளில் பொருத்தினேன். "உன் தாத்தா உட்கார்ந்த சீட், அம்மா! மூன்றாவது தலைமுறை!" என்று பெருமையோடு சொன்னேன். என்னிடம் இருந்த நல்ல பொருள் ஒன்றை அவளுக்குக் கொடுக்கிறோம் என்ற மகிழ்ச்சி எனக்கு.

பத்து நாள் கழித்து என் மனைவி, "சைக்கிள் சீட் வலிக்கிறதாம் அவளுக்கு" என்றாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே என்ன சொல்லியிருப்பேன் என்று வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அதையே சொன்னேன். இந்தத் தடவை என் கல்லூரிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன்.

அதற்குப் பிறகு புகார் வரவில்லை. பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் வாய்க்கால் கரை வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். தொலைவில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போவது தெரிந்தது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ, பாவம், என்று எண்ணியபடி கிட்டத்தில் போனேன். என் மகள்! காற்று சரியாகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். வீடு கண்ணுக்கு மறைகிறவரைக்கும் ஓட்டிக்கொண்டு வருவாளாம். பிறகு இறங்கித் தள்ளிக்கொண்டு போவாளாம். மாலையிலும் அப்படியே. இரண்டு மாதமாக! பள்ளிக்குத் தாமதமாகப் போனதற்கு வெளியே நின்ற நாட்களும் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அன்று மாலையே சைக்கிளை எங்கள் தெருக்கோடியில் இருந்த பாய் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "பாய், இதில் ஏதோ கோளாறு இருக்கிறது, பாருங்கள்" என்றேன். அவர் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்க ஒரு நடை ஓட்டிட்டு வாங்கய்யா" என்றார். லேடீஸ் சைக்கிளில் ஏறக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் தேர்முட்டி வரைக்கும் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். "ஒரு கோளாறும் தெரியவில்லையே! சுகமாக இருக்கிறதே!" என்றேன்.

"அதாங்கய்யா கோளாறு" என்றார் பாய். "இது உங்க உடம்பைப் படிச்ச தோல். பாப்பாவுக்கு எப்படி ஒத்துக்கும்? உங்க அப்பாருகிட்ட இருந்து உங்களுக்கு வந்தப்ப தோல்ல உயிர் இருந்துச்சு, வளைஞ்சு குடுத்துச்சு. இப்ப காஞ்சு இறுகிப் போச்சு. இனிமே இது யாருக்கும் வளையாது. தவிர, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு எலும்பு அகலம். பாரம் இந்தக் குழியில உட்காராம, இரும்பு விளிம்புல உட்காரும்."

அவர் செய்த வேலைக்கு அரைமணிக்கு மேல் ஆகவில்லை. அகலமான வேறு சீட் ஒன்றை மாட்டினார். மூக்கு நிமிர்ந்திருந்ததைத் தாழ்த்தி, சமமட்டமாக நிறுத்தினார். மறுநாள் மகளை வரச்சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதில் படிந்து முழங்கால் நேராக நிற்கும்படி உயரத்தைச் சரி செய்தார். அரைமணி நேர வேலைக்கு, இரண்டு மாத நடை! வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் சொன்னபோது கேட்கவில்லையே" என்று சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "இந்த வீட்டிலே எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதானே அது" என்று மட்டும் சொன்னாள். அதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

கழற்றிய சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டியது அன்றைக்குத்தான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று நம்மவர்கள் சொல்வார்கள். பிறர் துன்பத்தைத் தன் துன்பம்போல் எண்ணிக் காக்காவிட்டால் பெற்ற அறிவினால் என்ன பயன் என்று வள்ளுவரும் கேட்கிறார். பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கவேண்டும் என்பதுதான் அறம் சொல்கிறவர்களின் முதற்பாடம். நானும் அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று நடந்தது என்ன? நான் என் மகளின் இடத்தில் மெய்யாகவே உட்கார்ந்து பார்த்தேன். எனக்குச் சுகமாக இருந்தது! அவள் இடத்தில் உட்கார்ந்தது என் உடம்பு. அது தன் பழைய குழியைத் தேடிக்கொண்டு, "இங்கே வலி எதுவும் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிறர் இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் நம்மை நாமே கூடவே தூக்கிக்கொண்டு போய் உட்காருகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அப்படியானால் வழி என்ன? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், எங்கே என்று கேட்கவேண்டும். சொன்னதை நம்பவேண்டும். இதைவிட எளிய காரியம் இல்லை. நம் வீடுகளில் இதைவிட அரிய காரியமும் இல்லை.

எல்லாருக்கும் பொதுவாக ஓர் அளவு வைத்துக்கொண்டால் என்ன என்று அறிவியலார் கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1950-இல் அமெரிக்க விமானப் படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் இந்தக் கணக்கைப் போட்டார். விமானிகளின் இருக்கை சராசரி மனிதனின் அளவுக்குச் செய்யப்பட்டிருந்தது. 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்துவைத்து, உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளில், பத்திலும் சராசரியை ஒட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை! சராசரி மனிதனுக்கென்று செய்த இருக்கை ஒருவருக்குமே பொருந்தாத இருக்கை என்று அப்போது விளங்கிற்று. அதன் பிறகே, அவரவர் உடம்புக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளும்படி இருக்கைகளையும் பெடல்களையும் அமைக்கத் தொடங்கினார்கள். படைவீரனைக்கூடப் "பழகிவிடும்" என்று சொல்லி உட்காரவைக்க முடியாது என்பதை ஒரு படையே ஒப்புக்கொண்டது.

என் மகள் ஏன் என்னிடம் நேரே சொல்லவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தேன். கால் வலி என்றால் சொல்லியிருப்பாள். இது சொல்லக் கூசும் இடத்து வலி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1890-களில் பெண்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கியபோது, அவர்கள் உட்காரும் சீட்டைப் பற்றி மருத்துவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. அவர்களில் பலருக்கு இருந்த கவலை பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி. உட்காருகிறவளுக்கு வலிக்கிறதா என்பது பின்னால் தள்ளப்பட்ட கேள்வி. கூச்சம் இருக்கும் இடத்தில் வலி மௌனமாகிறது. மௌனத்தைப் பார்த்து, "பழகிவிட்டது" என்று நாம் மகிழ்ந்துபோகிறோம்.

"அப்படியானால் பொறுமையே வேண்டாமா? சற்று வலித்தவுடன் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருப்பதா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிற எவனுக்கும் முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கத்தான் செய்யும். எலும்பு முனைகளைச் சுற்றியுள்ள தசை பாரத்தைத் தாங்கப் பழகவேண்டும். இந்த வலிக்குப் பயந்து மெத்தை போன்ற சீட்டைத் தேடிப் போகிறவர்கள் வேறொரு துன்பத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மெத்தையில் எலும்புகள் அமிழ்ந்துவிடும். நடுவில் இருக்கும் மெத்தை மேலே எழும்பி, பாரம் தாங்கக்கூடாத மெல்லிய இடத்தை அழுத்தும். சந்தைக்குப் போய்வர அது சுகமாக இருக்கலாம்; முப்பது கிலோமீட்டர் போகிறவனுக்கு அதுவே பகை. தாங்கவேண்டிய இடத்தில் உறுதியாகத் தாங்குகிற சீட்தான் கடைசியில் கருணை உள்ள சீட். பிள்ளை வளர்ப்பவர்களும் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் இன்னொரு நிலை இருக்கிறது. வலி குறைந்து, அந்த இடம் மரத்துப்போவது. நரம்பும் இரத்தக் குழாயும் நசுங்குகின்றன என்பதற்கு அது அடையாளம். வலியாவது கூப்பாடு போடும். மரத்துப்போன இடம் பேசாது. அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் காவலர்கள் நாள் முழுவதும் சீட்டில் இருப்பவர்கள். அவர்களில் 90 பேரிடம் மூக்கில்லாத சீட்டைக் கொடுத்து, ஆறு மாதம் ஓட்டச்செய்து, தொழில்சார் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கவனிக்கும் அந்நாட்டு அரசு நிறுவனம் ஆராய்ந்தது. 2008-இல் முடிவுகள் வெளிவந்தன. தொடக்கத்தில், மரத்துப்போவதே இல்லை என்று சொன்னவர்கள் 27 விழுக்காட்டினர். ஆறு மாதத்துக்குப் பின் அப்படிச் சொன்னவர்கள் 82 விழுக்காட்டினர். அதாவது, அதுவரை அவர்களில் பெரும்பாலோர் மரத்துப்போன உடம்போடு தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்!

பழகுவது வேறு, மரத்துப்போவது வேறு. பழகினவனுக்கு வலி போய்விடும், சுகம் வரும். மரத்துப்போனவனுக்கு வலியும் இல்லை, சுகமும் இல்லை. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். இரண்டு பேருமே முனகாமல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எது எது என்று சொல்லக்கூடியவர் சீட்டில் இருப்பவர் ஒருவர்தான்.

என் மகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த அதே காலத்தில், அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில் ஓர் அதிசயம் நடந்துகொண்டிருந்தது. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, எழுத்துக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் உடைப்பவர்களும், வயல்வேலை செய்பவர்களும், ஆசிரியைகளுமாக ஒரு லட்சம் பெண்களுக்கு மேல்! அவர்களில் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைத்துக் கொள்ளலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆண் உடம்புக்கென்று செய்த சீட் அவர்களுக்கு வலிக்காமலா இருந்திருக்கும்? ஆனால் பஸ்ஸுக்குக் காத்திராமல், கணவனையோ அண்ணனையோ கெஞ்சாமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் தாமே போய்வரும் உரிமைக்கு அந்த வலியை அவர்கள் விலையாகக் கொடுத்தார்கள். கொடுப்பது என்று முடிவு செய்தவர்கள் அவர்களே. தானே மேற்கொண்ட வலியைத் தவம் என்று சொல்லலாம். அதே வலியை இன்னொருவன் சுமத்தினால் அதற்குத் தண்டனை என்றுதான் பெயர். "தவம் செய்" என்று பிறருக்கு உத்தரவு போடுகிறவன் தவத்தையும் அறியாதவன், வலியையும் அறியாதவன்.

நம் சமூகத்தில் "பழகிவிடும்" என்ற சொல்லைச் சொல்பவர்கள் யார், கேட்பவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். மாமியார் மருமகளுக்குச் சொல்கிறாள். முதலாளி தொழிலாளிக்குச் சொல்கிறார். விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் தகப்பன் மகனுக்குச் சொல்கிறான். சொல்பவர் எப்போதும் சுகமான சீட்டில் இருக்கிறார். அவர்களில் பலர் கெட்டவர்கள் அல்லர். தங்களுக்கு ஒரு காலத்தில் வலித்தது, பிறகு பழகிவிட்டது என்ற நேர்மையான அனுபவத்திலிருந்தே சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். என் அனுபவம் நேர்மையானது. ஆனால் அது என்னுடைய அனுபவம்.

போன வருஷம் என் மகள் தன் பையனுக்குச் சைக்கிள் வாங்கிக்கொடுத்தாள். கடையில் நாலைந்து சீட்டுகளில் அவனை உட்காரவைத்துப் பார்த்தே வாங்கினாள். நான் ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாரம் சென்றது. பன்னிரண்டு வயதுப் பேரன் என்னிடம் வந்து, "தாத்தா, சீட் வலிக்கிறது" என்றான். அந்தப் பழைய சொல் என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. என் தந்தை சொன்னது, நான் சொன்னது. விழுங்கிக்கொண்டு, "எங்கேடா?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் கூசாமல் காட்டினான். இரண்டு எலும்பு முனைகள் இருக்கும் இடம். "மரத்துப்போகிறதா?" என்று கேட்டேன். இல்லை என்றான். இருவருமாக உட்கார்ந்து, சீட்டின் மட்டத்தையும் உயரத்தையும் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. "இன்னும் பத்து நாள் பார். குறையாவிட்டால் வந்து சொல். வேறு சீட் மாற்றிவிடுவோம்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து நானே கேட்டேன். அவன் சைக்கிளில் ஏறிக்கொண்டே, "பழகிடிச்சு தாத்தா!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்தச் சொல்லை அவன்தான் சொல்லவேண்டும். நான் காத்திருந்து கேட்டுக்கொண்டேன்.